பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?

கடலூர்ல வடலூர் பஸ் ஏறி உக்காந்தீங்கன்னா, குள்ளஞ்சாவடி ஸ்டாப்பிங் வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரர் உங்க ஜாதகத்தையே வாங்கிடுவாரு.

போன வாரம் எனக்கு வாய்ச்சவரு நல்ல மனுஷன்தான். வெத்தலை போட்டிருந்தாரு. ஆரம்பிச்சாரு.

"எந்த ஊரு தம்பி?"

"குள்ளஞ்சாவடி."

"யாரு பையன்?"

சொன்னேன்.

"இன்னா பண்ற?"

"மோட்டார் காயில் கட்டுறேன்."

"படிப்பு?"

"பி.இ."

வெத்தலை மெல்றது நின்னுச்சு.

"என்எல்சிக்குப் போட்டுப் பாக்கலியா?"

"போட்டேன். கெடைக்கல."

"காண்ட்ராக்டுலயாச்சும்?"

"இல்லைங்க."

"சரி சரி. இப்போதைக்கு இது ஓடட்டும்"னு என் சார்புல அவரே ஒரு முடிவு எடுத்தாரு. கண்ணை மூடித் தூங்கிட்டாரு.

இப்போதைக்காம்! என்கிட்ட தொழில் கத்துக்கிட்ட பையன் பண்ருட்டி பக்கம் தனியா கடை போட்டு, கல்யாணம் பண்ணி, புள்ளைக்குக் காது குத்தியாச்சு. நான் இன்னும் "இப்போதைக்கு" காயில் கட்டிக்கிட்டு இருக்கேன்.

வேலையை விசாரிச்சதுல எனக்குக் கோவமே இல்ல. நம்ம ஊர்ல விசாரிக்கலன்னாதான் மரியாதைக் குறைச்சல். அதுக்கப்புறம் தூங்கினாரு பாருங்க, அதுதான் எரிச்சல். ஒரு மனுஷனைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது அவ்வளவுதானாம். டப்பா கிடைச்சுது, உள்ள போட்டாரு, மூடியை அழுத்தினாரு. அந்த மோட்டாருக்குள்ள என்னா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வடலூர் வரைக்கும் வந்து பேசியிருப்பேன்.

எங்க பக்கம், நெய்வேலி சுரங்கக் கம்பெனி என்எல்சி இருக்கறதால, இது கொஞ்சம் ஓவர்தான். வெளியூர்ல சம்பளம் எவ்வளவும்பாங்க. இங்க மொதல்ல, "பர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?" டவுன்ஷிப் ஆளா இருந்தா "எந்த பிளாக்கு?"ன்னு ஒரு துணைக் கேள்வி. கல்யாணத் தரகர் வாயில "பையன் பர்மனென்ட்டு"ன்னு வந்துச்சுன்னா, பையன் பேரு மறந்தாலும் பரவாயில்ல. ஒரே சுரங்கம், ஒரே தூசி, ஒரே ஷிஃப்ட்டு, பக்கத்துப் பக்கத்துல நின்னு வேலை பாக்குற ரெண்டு பேரு. ஒருத்தருக்குக் கல்யாண வீட்டுல முன்வரிசை நாற்காலி, இன்னொருத்தரு பந்தி பரிமாறப் போறாரு. ரெண்டு பேரையும் பாத்திருக்கேன், ரெண்டு பேருக்கும் கல்லு தூக்கினா அதே முதுகுதான் வலிக்குது.

இந்தக் கேள்விக்கு நானும் விதவிதமா பதில் சொல்லிப் பாத்தேன்.

"எஞ்சினியர்" அப்டின்னேன். உடனே "எந்தக் கம்பெனி?" வந்துச்சு. கம்பெனி பேரு சொல்ல முடியல. மாட்டிக்கிட்டேன்.

"சொந்தத் தொழில்"னேன். ஒருத்தரு நம்பர் வாங்கிக்கிட்டுப் போயி, அடுத்த நாள் காலையில கடன் கேட்டாரு.

"சும்மாதான் இருக்கேன்"னேன். இதுதான் பெரிய தப்பிப்புன்னு நெனச்சேன். பஸ்ஸே சேர்ந்து அறிவுரை சொல்லிச்சு. கண்டக்டர் குரூப் போர் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் படிக்கணும்னு சொன்னாரு. (நல்ல லிஸ்ட்டுதான். வெச்சிருக்கேன்.)

"காயில் கட்டுறேன்" மட்டும்தான் உண்மை, சுருக்கம், செலவில்லாதது. அதையே பிடிச்சுக்கிட்டேன்.

ஆனா அதுலயும் ஒரு இடிப்பு இருக்கு. காயில் கட்டுறது நான் செய்யற வேலை. நான்னு சொல்றதுக்கு அது போதுமா? எங்க பக்கத்துல இதைப் பத்தி யோசிக்க ஒரு நாள் கிடைச்சுது. 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் மாவட்டத்துக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. விடிஞ்சு பார்த்தா முந்திரித் தோப்பு மொத்தமும் வேரோட படுத்துக் கெடக்குது. பலா மரமெல்லாம் முறிஞ்சு கெடக்குது. தாத்தா காலத்து மரம். முந்திரி வெச்ச உடனே காய்க்கிற சமாச்சாரமா? வருஷக்கணக்குல காத்திருக்கணும். "தோப்புக்காரர்"னு ஊர் பூரா கூப்பிட்ட மனுஷங்க அன்னிக்குக் காலையில தோப்பு இல்லாத தோப்புக்காரரா நின்னாங்க. பேரு மட்டும் மிச்சம். சிலர் சவுக்கு போட்டாங்க, சிலர் திருப்பூர் போனாங்க, சிலர் பிடிவாதமா மறுபடி முந்திரிக் கன்னே வெச்சாங்க. எங்க தெருவுல ஒருத்தரை இன்னமும் தோப்புக்காரர்னுதான் கூப்பிடுறோம். அவரு இப்ப செல்போன் ரீசார்ஜ் கடை வெச்சிருக்காரு.

சரி, என் கடைக்கு வாங்க.

கடைக்கு வர்ற ஒவ்வொரு மோட்டாருக்கும் கூடவே ஒரு வாக்குமூலம் வரும். எல்லாருமே ஒரே வாக்குமூலம். "ஒண்ணுமே பண்ணலப்பா, நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, தானா நின்னுடுச்சு."

நான் தலையாட்டிக்கிட்டே நட்டைக் கழட்டுவேன். காயில் அவரை விட நல்லாப் பேசும்.

எப்படின்னு சொல்றேன். இதை வேற யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. த்ரீ பேஸ் மோட்டார்ல மூணு செட் காயில் இருக்கும். உள்ள அதை ஸ்டார்னு ஒரு மாதிரி சேர்ப்போம், இல்லாட்டி டெல்டான்னு ஒரு மாதிரி. இப்ப டிரான்ஸ்பார்மர்ல ஒரு ஃபியூஸ் போயி ஒரு பேஸ் வரலன்னு வைங்க. ஓடிக்கிட்டு இருக்கற மோட்டார் நிக்காது, முக்கிக்கிட்டே ஓடும். ஸ்டார்ல சேர்த்திருந்தா, மிச்சம் ரெண்டு பேஸும் மொத்த பாரத்தையும் இழுத்து ரெண்டும் கருகிப் போயிடும். கரண்ட் வராத மூணாவது செட்டு மட்டும் நேத்துக் கட்டின மாதிரி பளபளன்னு இருக்கும். டெல்டால அப்படியே தலைகீழ். ஒண்ணு கருகும், ரெண்டு தப்பிக்கும்.

மூணும் ஒரே சீரா கருகியிருந்தா வேற கதை. லோ வோல்டேஜ்ல விடாம ஓட்டியிருப்பாங்க, இல்ல பம்ப்பு எங்கயோ இறுகிப் போயி மோட்டார் தாங்காத பாரத்தை இழுத்திருக்கும். ஒரே ஒரு இடத்துல மட்டும் கருப்பா ஒரு பொத்தல்னா அது டர்ன் ஷார்ட்டு, கம்பியோட மேல்பூச்சு அந்த இடத்துல போயிருக்கும், ஓனரு மேல பாவமில்ல.

"ஒண்ணும் பண்ணல" ஆளுங்க பெரும்பாலும் ரெண்டு பேஸ் மட்டும் வர்ற நேரத்துல கண்டென்சர் மாட்டி மூணாவது பேஸை ஏமாத்தி ஓட்டினவங்க. பயிர் காயும்போது என்ன பண்ணுவாங்க? நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன். அதனால அவங்ககிட்ட நான் "பொய் சொல்றீங்க"ன்னு சொல்றதே இல்ல. "கண்டென்சரை எப்ப எடுத்தீங்க?"ன்னு மட்டும் கேப்பேன். ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதுக்கப்புறம் எல்லாம் உண்மைதான். எவ்வளவு நேரம் ஓட்டினாரு, மச்சான் சொல்லி ஓட்டினாரா, தானா ஓட்டினாரா, எல்லாம் வரும்.

உண்மைங்கறது என் தொழில்ல பில் போடற இடத்துல இன்னொரு தடவை வரும். சிங்கிள் பேஸ் மோட்டார் ஒண்ணு வருது, சத்தம் போடுது, சுத்த மாட்டேங்குது. ஓனர் முகத்துல "காயில் போச்சு" பயம். கண்டென்சர் மாத்தினா போதும். சில்லறைக் காசு. காயில் போச்சுன்னு சொன்னா அவரு நம்புவாரு, ஆயிரக்கணக்குல பில் போடலாம், மோட்டாரைத் திறந்து பாக்க அவருக்குத் தெரியாது. இந்த இடத்துல எனக்குப் பெரிய நேர்மையெல்லாம் இல்லீங்க. நல்லா இருக்கற காயிலை வெட்டி எடுக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான். சப்மெர்சிபிள் காயில் கட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் சுத்தின செப்புக் கம்பியை, ஊசியில நூல் கோக்கற மாதிரி ஒவ்வொரு ஸ்லாட்டா கையால இழுத்து இழுத்துக் கோக்கணும். விரல் நுனி தேஞ்சு, பயோமெட்ரிக்ல என் கைரேகையே விழ மாட்டேங்குது. (ரேஷன் கடையில நான் நான்தான்னு நிரூபிக்கப் படற பாடு இருக்கே! அடையாளத்தைப் பத்தி இதைவிட நேரடியா யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்ல.)

காலேஜ்ல இண்டக்‌ஷன் மோட்டார் ஒரு பாடம். பதிமூணு மார்க் கேள்வி. படம் போட்டு எழுதி பாஸ் பண்ணேன். புரிஞ்சது கடையிலதான், அதுவும் ஒரு கஸ்டமர் வீட்டுப் பொண்ணு கேட்ட கேள்வியில. பத்தாவது படிக்குதாம். அப்பா பேரம் பேசிக்கிட்டு இருக்காரு, அது ரோட்டரைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "மாமா, இதுக்கு வயரே இல்லியே, இதுக்குக் கரண்ட்டு எப்டி வரும்?"னுச்சு.

அடேங்கப்பா.

வயரே கிடையாது. வெளியில இருக்கற காயில்ல கரண்ட் போறப்ப, காந்தப் புலம் சுத்துது. அந்தச் சுழற்சி ரோட்டருக்குள்ள இருக்கற கம்பிக்கூண்டுல தானா கரண்டை உண்டாக்குது. தொடாமலே. அந்தக் கரண்ட்டு இன்னொரு காந்தமாகி, சுத்தற புலத்தைத் துரத்திக்கிட்டு ஓடுது. நிக்கோலா டெஸ்லா இதுக்கு 1888ல காப்புரிமை வாங்கினாரு. அதே வருஷம் இத்தாலியில ஃபெராரிஸ்னு ஒருத்தர் தனியாவே இதைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாரு. அடுத்த வருஷம் டொலிவோ டொப்ரோவொல்ஸ்கி த்ரீ பேஸ் கூண்டு மோட்டாரைச் செஞ்சாரு. இன்னிக்கு நம்ம போருக்குள்ள கெடக்கறது கிட்டத்தட்ட அதேதான்.

இதுல இன்னொரு விஷயம். நம்ம கரண்ட்டுக்கு அந்தப் புலம் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்துதுன்னா ரோட்டர் 2,880 பக்கம்தான் சுத்தும். எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. பிடிச்சா ரோட்டர்ல கரண்ட்டே வராது, இழுவை போயிடும். எட்ட முடியாததாலதான் ஓடுது. (இதை வெச்சு வாழ்க்கைத் தத்துவம் ஒண்ணு எழுத எனக்கே கை அரிக்குது. வேண்டாம். வாட்ஸ்அப்ல ஏற்கனவே நெறைய இருக்கு.)

அந்தப் பொண்ணு கேட்ட மாதிரி கேள்வியாலதான் எங்க ஊர்ப் பக்கமே தலைகீழா மாறிச்சு. 1930கள்ல ஜம்புலிங்க முதலியார்னு நெய்வேலியில ஒரு நிலக்காரர். அவரு நிலத்துல கிணத்துக்குத் துளை போடறப்ப தண்ணியோட கருப்பா ஏதோ வருது. அந்தக் காலத்துல அங்க தண்ணி அழுத்தத்தோட தானா மேல பொங்கிக்கிட்டு வரும், மோட்டாரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். (என் கடைக்கு அப்ப வேலையே இருந்திருக்காது.) தண்ணி கிடைச்சுதே, போதும்னு விட்டிருக்கலாம். கருப்பா வந்ததே, அபசகுனம்னு மூடியும் இருக்கலாம். மனுஷன் இது என்னான்னு கேட்டாரு. அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தினாரு. அப்புறம் நிலவியல் துறை துளை போட்டுப் பார்த்து, பழுப்பு நிலக்கரின்னு உறுதியாகி, 1956ல என்எல்சி கம்பெனி ஆரம்பிச்சு, 1957ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சு, 1961ல நிலக்கரி கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஜெர்மன் மண்வெட்டி எந்திரம், சோவியத் உதவியோட மின் நிலையம். முதலியாரு தன்னோட நிலம் 600 ஏக்கருக்கு மேல கொடுத்தாரு.

அவரை யாராச்சும் பஸ்ல "இன்னா பண்ற?"ன்னு கேட்டிருந்தா "விவசாயம்"னு சொல்லியிருப்பாரு. கேட்டவரும் தூங்கியிருப்பாரு.

ஆனா கதை இவ்வளவு அழகா முடியல. அந்தக் கேள்விக்குக் கிடைச்ச பதிலோட விலையை இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம். நிலம் போன கிராமத்து ஆளுங்களுக்கு இன்னிக்கு இருக்கற அடையாளம் "நிலம் கொடுத்தவங்க". விவசாயி இல்ல, தொழிலாளியும் இல்ல. வீட்டுக்கு ஒரு பர்மனென்ட் வேலைங்கறதுதான் பல போராட்டங்களோட கோரிக்கை. 2023 ஜூலையில வளையமாதேவியில, பரவனாத்துக்கு மாத்துக் கால்வாய் வெட்ட, நட்டு வளர்ந்து நின்ன நெல்லு மேல எந்திரத்தை இறக்கினப்ப, நாடே டிவியில பார்த்துச்சு. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அந்தப் படம் பார்த்துட்டுச் சோறு எறங்கல. அதே வீட்டுல என்எல்சி சம்பளத்துல படிச்ச பையனும் இருப்பான். ரெண்டும் உண்மை. ஒரு உண்மையை வெச்சு இன்னொண்ணை அடிக்கற ஆளுங்களோட மட்டும் என்னால வாதம் பண்ண முடியல.

தண்ணி விஷயமும் அப்படித்தான். நிலக்கரிக்கு அடியில தண்ணி அழுத்தத்தோட நிக்குது. அதை ராப்பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலன்னா, சுரங்கத்தோட தரையைப் பொத்துக்கிட்டு மேல வந்துடும். முதலியாருக்குக் கருப்புத் தூளை மேல கொண்டாந்து காட்டின அதே தண்ணிதான். என் கடையில நான் பார்க்கறது பைப்புக் கணக்கு. ஒரு பைப்பு 20 அடி. "இன்னும் ரெண்டு பைப்பு இறக்கணும்"ங்கறது எங்க ஊர்ல வருஷா வருஷம் கேக்கற பேச்சு. விவசாயி சுரங்கத்தைக் காட்டுவாரு. இன்னொருத்தரு, ஊரு பூரா போர் போட்டா தண்ணி எங்க நிக்கும்பாரு. கடைக்கு வர்ற பைப்பை எண்ணி யாரு குத்தம் எவ்வளவுன்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு? ஆனா தண்ணி மட்டம் எறங்கலன்னு எவனாச்சும் சொன்னா, நோட்டை எடுத்து முன்னாடி போடுவேன். மோட்டார் நம்பர், எச்பி, எத்தனை அடியில கெடந்துச்சு, எப்படிக் கருகியிருந்துச்சு, எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். யாரும் கேக்கல. எனக்கே தெரிஞ்சுக்கணும்னு எழுதறேன்.

எங்க அம்மாவுக்கு இந்த நோட்டு பிடிக்காது. "இதுக்குச் சம்பளம் யாருடா தராங்க?" நியாயமான கேள்வி.

அம்மா தைப்பூசத்துக்கு வடலூர் போகாம இருந்ததில்ல. ஏழு திரை விலகி ஜோதி தெரியறப்ப கன்னத்துல போட்டுக்குவாங்க. நான் கூடப் போவேன், ஆனா எனக்குப் பிடிச்சது ஜோதி தரிசனத்தை விட வள்ளலாரோட இன்னொரு பக்கம். 1873 அக்டோபர் 22, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துல கொடி ஏத்தி ஒரு பேச்சு பேசினாரு. பேருபதேசம்னு சொல்லுவாங்க. எங்க ஊர்லேர்ந்து பஸ்ல போற தூரம்தான். அதுல அவரு தன்னோட பழைய பக்தியைப் பத்தியே வெளிப்படையாப் பேசறாரு. முன்னாடி தனக்கு சைவத்து மேல அளவில்லாத பிடிப்பு இருந்துச்சு, தான் எழுதின பாட்டுங்களே அதுக்குச் சாட்சி, அப்ப தன்னோட அறிவு அவ்வளவுதான், இப்ப அதை விட்டாச்சு, நீங்களும் விட்டுட்டு விசாரிங்க, இடைவிடாம விசாரிங்கன்னு சொல்றாரு.

யோசிச்சுப் பாருங்க. ஆயிரக்கணக்கான பாட்டு எழுதினவரு. அந்தப் பாட்டை வெச்சுத்தான் ஊரு அவரைத் தூக்கி வெச்சுக் கொண்டாடுது. அந்தப் பாட்டுக்காகவே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பக்கத்தோட அருட்பா மருட்பான்னு பெரிய சண்டையே நடந்து, மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போச்சு. அவ்வளவும் ஆனப்புறம், "அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்"னு சபையில சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! இங்க ஒரு கட்சிக் கரை வேட்டியை மாத்தறதுக்கே ஜனங்க மூணு எலெக்‌ஷன் யோசிக்கிறாங்க.

அவரு பேரைச் சொல்லி நாங்க பண்றது என்னா? சாப்பாடு போடறோம். அது நல்லதுதான், 1867லேர்ந்து தருமசாலையில அடுப்பு அணையாம எரியுது, அதுக்கு முன்னாடி நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா விசாரிக்கச் சொன்னாரே, அதை மட்டும் பந்தியில யாரும் பரிமாற மாட்டேங்கறாங்க. அந்தப் பொண்ணு ரோட்டரைத் தூக்கிப் பார்த்துக் கேட்டுச்சே, அதுக்கு அவங்க அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? "சும்மா இரும்மா, மாமாவுக்கு வேலை இருக்கு."

எனக்கு என்னா வேலை? இதுதானே வேலை!

அரைமணி நேரம் உக்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன். பழைய ஸ்டேட்டர்ல சப்ளை கொடுத்து, நடுவுல ஒரு பேரிங் குண்டைப் போட்டுக் காமிச்சேன். (குறைச்ச வோல்டேஜ்லதான். வீட்டுல செஞ்சு பாக்காதீங்க, காயிலும் போகும், நீங்களும் போவீங்க.) எதுவும் தொடாமலே குண்டு உள்வட்டத்துல கிறுகிறுன்னு ஓடிச்சு. பொண்ணு கண்ணு விரிஞ்சதைப் பாத்துட்டு அவங்க அப்பா பேரத்தையே மறந்துட்டாரு. சொன்ன காசைக் கொடுத்துட்டுப் போனாரு. அறிவியல் லாபகரமானது நண்பர்களே.

இத எழுதிக்கிட்டு இருக்கறப்ப கடைப் பையன் ஒரு மூணு எச்பி மோட்டாரைத் திறந்து வெச்சுட்டு "ணா, கொஞ்சம் வாங்க"ங்கறான். போயி எட்டிப் பாத்தேன். ஒரு பேஸோட அத்தனை காயிலும் ஒரே சீரா கருப்பு. மத்த ரெண்டும் புதுசு. பொத்தல் எங்கயும் இல்ல, அதனால டர்ன் ஷார்ட்டும் இல்ல. டெல்டாவா இருக்கும்னு பாத்தா, உள்ள முடிச்சு போட்டிருக்கறது ஸ்டாரு.

கணக்கு இடிக்குதுல்ல? ஓனரு வெளியில நிக்கறாரு, "தானா நின்னுடுச்சு"ங்கறாரு. முடிச்சுல இருக்கற ஸ்லீவ் மட்டும் புதுசா தெரியுது. யாரோ நடுவுல பிரிச்சிருக்காங்க. எதுக்குப் பிரிச்சாங்க, எப்பப் பிரிச்சாங்க? டீ சொல்லியாச்சு, போயி விசாரிக்கறேன்.